செக்குபந்தி இல்லாத தோட்டம்

1873-ஆம் வருஷம். கோடை முடிந்து இலையுதிர் காலத்துக்குத் திரும்புகிற நாட்கள். பாரீசுக்கு வடமேற்கே, ஸேன் நதிக்கரையில் அர்ஜாந்தேய் என்ற ஊர். அங்கே ஒரு வாடகை வீடு, வீட்டோடு சேர்ந்த தோட்டம், தோட்டம் முழுக்க டேலியாப் பூக்கள். குடியிருப்பவர் கிளாட் மோனே. வயது 32. அவரைப் பார்க்க வந்திருக்கும் நண்பர் ஒகுஸ்த் ரெனுவார். அவருக்கும் 32 தான்.

இருவரும் அந்த ஒரே தோட்டத்தை வரைந்தார்கள். மோனே தோட்டத்தை வரைந்தார். ரெனுவார், அந்தத் தோட்டத்தில் நின்று மோனே வரைந்துகொண்டிருப்பதை வரைந்தார். இரண்டு படங்களும் இப்போது அமெரிக்காவில் இருக்கின்றன. மோனேயுடையது வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில், ரெனுவாருடையது கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டில் உள்ள வாட்ஸ்வொர்த் அதீனியம் என்ற அருங்காட்சியகத்தில்.

என் உத்தியோக காலம் பத்திரப்பதிவுத் துறையில் கழிந்தது என்பது இந்த வலைப்பூவைப் படிப்பவர்களுக்குத் தெரியும். ஒரு மனையைப் பற்றிப் பத்திரத்தில் ஆயிரம் எழுதியிருந்தாலும் நாங்கள் முதலில் பார்ப்பது செக்குபந்தியைத்தான். வடக்கே யார் வீடு, தெற்கே எந்தத் தெரு, கிழக்கே மேற்கே என்ன என்று நான்கெல்லை சொல்லும் பகுதி அது. செக்குபந்தி சரியாக இல்லாவிட்டால் சொத்து எங்கே இருக்கிறது என்றே சொல்ல முடியாது. இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அந்தப் பழைய பழக்கம்தான் முன்னால் வந்து நின்றது. ரெனுவாரின் படத்தில் செக்குபந்தி இருக்கிறது. மோனேயின் படத்தில் இல்லை.

முதலில் மோனேயின் படம். உயரம் 61 சென்டிமீட்டர், அகலம் 82.5. மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது வாஷிங்டனில் இதை நேரில் பார்த்தேன். அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது, எவ்வளவு நேரம் நின்றாலும் யாரும் விரட்டுவதில்லை. முன்னால் டேலியாச் செடிகள் பெரிய புதராக எழும்பி நிற்கின்றன. சிவப்பு, ரோஜா நிறம், மஞ்சள், வெள்ளை. அதற்குப் பின்னால் மரங்கள், மரங்களுக்கிடையே சற்றுத் தள்ளி ஒரு வீடு. வலப்பக்கம் ஆணும் பெண்ணுமாக இரண்டு சின்ன உருவங்கள். மேலே மேகம் படர்ந்த வானம். அந்த இரண்டு பேருக்கும் முகம் கிடையாது. நாலைந்து தூரிகை வீச்சில் முடித்துவிட்டிருக்கிறார். முகம் இல்லாததால் அவர்கள் யார் என்று நாம் கேட்பதில்லை. யாரோ ஒரு தம்பதி, ஏதோ ஒரு பெரிய தோட்டத்தில் பேசிக்கொண்டு நிற்கிறார்கள், பொழுது சாய அவசரமில்லை என்று தோன்றுகிறது. இந்தத் தோட்டம் எங்கே முடிகிறது என்றும் தெரியாது. கிராமத்துப் பண்ணை வீடு ஒன்றின் தோட்டம் என்று சொன்னால் நம்பிவிடலாம்.

ரெனுவாரின் படம் இதைவிடச் சிறியது, 46.7க்கு 59.7 சென்டிமீட்டர். அதை நான் கணினித் திரையில்தான் பார்த்திருக்கிறேன். அதில் மோனே கறுத்த கோட்டும் தொப்பியுமாக, கையில் வண்ணத்தட்டோடு சட்டத்தின் முன் நிற்கிறார். மர வேலி. வேலியோரம் அதே டேலியாக்கள். பூக்களுக்குப் பின்னால்? வீடுகள். மஞ்சள் சுவரும் கூம்புக் கூரையுமாகப் பக்கத்து வீடுகள் வரிசையாக எட்டிப் பார்க்கின்றன. வானம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. புறநகர்க் குடியிருப்பு ஒன்றில், நாலா பக்கமும் அண்டை வீட்டு ஜன்னல்கள் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு துண்டு நிலம். அவ்வளவுதான் அந்தத் தோட்டம்.

இப்படிப் பார்த்தால் மோனே பொய் சொன்னார் என்று ஆகிறதா? அப்படி ஒரு முடிவுக்கு வருவதற்கு முன்னால் அந்த ஊரையும் அந்த வருஷத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அர்ஜாந்தேய் அப்போது இரண்டு கெட்டான் ஊர். பழைய திராட்சைத் தோட்டமும் தண்ணீர்விட்டான் கிழங்கு வகையைச் சேர்ந்த, முளையைச் சமைத்துச் சாப்பிடும் ஆஸ்பராகஸும் அந்த ஊரின் பெயரைச் சொல்லும் விளைச்சல். இன்னொரு பக்கம் ஜிப்சம் வெட்டி எடுக்கும் குழிகளும் இரும்புப் பட்டறைகளும். 1851-இல் ரயில் வந்தது. பாரீசின் ஸேன்-லாசார் நிலையத்திலிருந்து கால் மணி நேரப் பயணம். ஞாயிற்றுக்கிழமையானால் படகு விடவும் காற்று வாங்கவும் நகரத்தார் இறங்குவார்கள். புகைபோக்கியும் பாய்மரமும் ஒரே ஆற்றில் நிழல் விழும் ஊர்.

மோனே 1871 டிசம்பரில் மனைவி கமீல், நான்கு வயது மகன் ழான் இவர்களோடு இங்கே குடிவந்தார். அதற்கு முந்தைய ஒன்றரை வருஷம் பிரான்சுக்கு மிக மோசமான காலம். 1870-இல் பிரஷ்யாவோடு போர் மூண்டது. மோனே லண்டனுக்குப் போய்விட்டார். ரெனுவார் குதிரைப்படையில் சேர்க்கப்பட்டு, நோயில் விழுந்து மீண்டார். அர்ஜாந்தேயின் ஆற்றுப் பாலங்கள் போரில் தகர்ந்தன. மோனே வந்த புதிதில் வரைந்தவற்றில், சாரம் கட்டி மராமத்து நடக்கும் பாலமும் உண்டு.

இவர்களுக்கெல்லாம் நெருக்கமான மூன்றாவது நண்பர் ஒருவர் இருந்தார். ஃபிரெடெரிக் பஸீல். தெற்கே மோன்பெலியே ஊரைச் சேர்ந்த வசதியான வீட்டுப் பிள்ளை. இடம் இல்லாதபோது இவர்களுக்கு இடம் கொடுத்தவர். மோனே 1866-இல், தோட்டத்தில் நான்கு பெண்கள் இருப்பதுபோல இரண்டரை மீட்டர் உயரத்தில் ஒரு பெரிய படம் தொடங்கினார். வெளியிலேயே நின்று வரைய வேண்டும் என்ற பிடிவாதத்தில், மேல்பகுதி எட்டுவதற்காகத் தோட்டத்தில் பள்ளம் வெட்டித் திரையை அதற்குள் இறக்கிக்கொண்டார் என்பது பிரசித்தமான கதை. அந்தப் படத்தை 1867-ஆம் வருஷத்து அரசுக் கண்காட்சி நிராகரித்தது. கையில் காசில்லாமல் தவித்த மோனேயிடம் அதை 2,500 பிராங்குக்கு வாங்கிக்கொண்டவர் பஸீல். மாதம் 50 பிராங்காகத் தவணையில் கொடுத்தார். உதவி என்று சொல்லாமல் உதவுவதற்கு அது ஒரு வழி. அந்தப் பஸீல் 1870 நவம்பர் 28 அன்று போரில் கொல்லப்பட்டார். வயது 28.

அர்ஜாந்தேய் தோட்டத்தில் இரண்டு நண்பர்கள் நின்று வரைகிறார்கள் என்றால், மூன்றாமவர் இல்லாத தோட்டம் அது. படத்தில் இதற்கு அடையாளம் எதுவும் கிடையாது, நானும் இருப்பதாகக் கதை கட்டப் போவதில்லை. ஆனால் போர், முற்றுகை, உள்நாட்டுக் கலகம் எல்லாம் முடிந்து இரண்டு வருஷம் ஆன நிலையில், ஒரு மனிதன் தன் வாடகைத் தோட்டத்தின் அண்டை வீடுகளை எடுத்துவிட்டு, பூவும் வானமும் இரண்டு பேர் நின்று பேசுவதும் போதும் என்று நினைத்தான் என்றால் அது எனக்குப் புரிகிறது.

இன்னொன்று. 1873 மோனேக்குக் கையில் பணம் புரண்ட வருஷம். லண்டனில் இருந்தபோது பழக்கமான தூரான்-ருயேல் என்ற ஓவிய வியாபாரி அவர் படங்களைத் தொடர்ந்து வாங்கிக்கொண்டிருந்தார். அந்த வருஷம் மோனேயின் வரும்படி 24,800 பிராங்க். அதுவரை கடன்காரர்களுக்குப் பயந்து ஊர் ஊராக ஓடியவர், முதல் தடவையாகச் செடி நடுவதற்கும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கும் நேரம் கிடைத்து நிற்கிறார். அவர் வரைந்தது அந்த நிம்மதியை.

இனி, அதை எப்படி வரைந்தார் என்பது. நான் ஓவியம் கற்றவன் அல்ல. படித்ததையும் நின்று பார்த்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

வெளியே போய் வரைவதற்கு முதல் தேவை, வண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போக முடிய வேண்டும். அந்தக் காலத்தில் எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப் பையில் கட்டி வைப்பார்கள். குத்தித் துளையிட்டுப் பிதுக்கினால் திரும்ப மூட முடியாது, காய்ந்துவிடும். 1841-இல் லண்டனில் இருந்த ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்கர் தகரத்தில் மடக்கும் குழாய் செய்து காப்புரிமை வாங்கினார். இன்று நம் பற்பசை வருகிற மாதிரிக் குழாய்தான். திருகு மூடி போட்டால் மாதக்கணக்கில் கெடாது. கூடவே புது நிறங்கள். கோபால்ட் நீலம், குரோம் மஞ்சள், 1859-இல் காப்புரிமை பெற்ற பளிச்சென்ற ஒரு பச்சை. எல்லாம் அந்த நூற்றாண்டு வேதியியலின் கொடை. தூரிகையிலும் ஒரு மாற்றம். மயிரை உலோகப் பட்டையால் இறுக்கிப் பிடிக்க முடிந்ததால் தட்டைத் தூரிகை வந்தது. உருண்டைத் தூரிகை கோடு இழுக்கும். தட்டைத் தூரிகையோ ஒரே ஒற்றலில் சதுரமான ஒரு நிறத்துண்டை வைத்துவிட்டு வரும். மோனேயின் டேலியாக்கள் அப்படி வைக்கப்பட்ட துண்டுகள்தான்.

கிட்டே போய்ப் பார்த்தால் இதழ் என்று ஒன்றும் இல்லை. கெட்டியான சிவப்பு ஒரு தீற்று, அதன் ஓரத்தில் ஈரம் காயுமுன் வைத்த ரோஜா ஒரு தீற்று, இரண்டும் தொடுகிற இடத்தில் தானாகக் கலந்து மூன்றாவது நிறம். செடியின் உட்புறத்துக்குக் கரும்பச்சை. நிழலுக்குக் கறுப்பைக் குழப்பி ஊற்றுவது பழைய வழக்கம். இங்கே நிழலுக்குள்ளும் நிறம் இருக்கிறது. பூக்களின் மேல் பூச்சு தடிமனாகப் புடைத்து நிற்கிறது. வானத்தில் மெலிந்து அகலமாக ஓடுகிறது. கண் தானாகவே பூவைக் கிட்டேயும் வானத்தைத் தொலைவிலும் வைத்துக்கொள்கிறது. பத்தடி பின்னால் வந்தேன், புதர் பூத்துவிட்டது. பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். இன்னும் நன்றாக இருந்தது. (வயதானதில் கிடைத்த சில்லறை லாபங்களில் இதையும் சேர்த்துக்கொள்கிறேன். மோனேக்கே பிற்காலத்தில் கண்புரை வந்து 1923-இல் அறுவை சிகிச்சை செய்துகொண்டார்.)

சிவப்பை ஏன் பச்சையின் பக்கத்தில் வைக்க வேண்டும்? இதற்குப் பின்னால் ஒரு ருசிகரமான மனிதர் இருக்கிறார். மிஷேல் ஷெவ்ரூல், வேதியியல் அறிஞர். அரசாங்கத்தின் கோபெலின் திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயப் பகுதிக்குத் தலைவராக 1824-இல் நியமிக்கப்பட்டார். கறுப்புச் சாயம் சரியாக ஏறவில்லை, மங்குகிறது என்று புகார் வந்தது. சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குற்றமில்லை. கறுப்பு நூலுக்குப் பக்கத்தில் என்ன நிறத்து நூலை வைத்து நெய்கிறார்கள் என்பதைப் பொறுத்துக் கறுப்பு மாறித் தெரிகிறது என்று கண்டுபிடித்தார். எதிரெதிர் நிறங்களைச் சேர்த்து வைத்தால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். 1839-இல் இதை ஒரு பெரிய புத்தகமாக எழுதினார். ஓவியர்கள் மத்தியில் அது பரவியது. ஷெவ்ரூல் 102 வயது வரை இருந்து 1889-இல் காலமானார் என்பதை நம் வயதுக்காரர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

அதே 1873-இல் மோனே வரைந்த இன்னொரு இலையுதிர் காலப் படம் லண்டன் கோர்ட்டால்ட் கூடத்தில் இருக்கிறது. அது ஆற்றுக்காட்சி. இரு கரையிலும் செம்மஞ்சள் மரங்கள், நடுவே நீலத் தண்ணீர், தூரத்தில் ஊர். ஷெவ்ரூலின் பாடத்தை அப்படியே எழுதிக் காட்டியது போல இருக்கும். வலப்பக்க மரத்தில், ஈர வண்ணத்தைத் தூரிகைக் காம்பின் முனையால் கீறிவிட்டிருக்கிறார். இலை சலசலப்பது மாதிரி ஒரு துடிப்பு அதில் வருகிறது. இலையுதிர் காலம் என்று கேட்டதும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும் நிறம் அந்தப் படத்தில்தான் இருக்கிறது.

டேலியாத் தோட்டத்தில் அந்தப் பழுத்த மஞ்சள் கிடையாது. அப்படியென்றால் இலையுதிர் காலம் எங்கே இருக்கிறது? பூவில் இருக்கிறது. நமக்குக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பெரும்பொழுது. அதில் எதுவும் ஐரோப்பிய இலையுதிர் காலத்துக்கு நேராகப் பொருந்தாது. இலை உதிர்வது மட்டுமே அதன் அடையாளம் என்று அந்தப் பெயரை வைத்து நாம் நினைத்துக்கொள்கிறோம். டேலியா மெக்சிகோவில் பிறந்த செடி. 1789-இல் மாட்ரிட் தாவரத் தோட்டத்துக்கு வந்தது. லின்னேயஸின் மாணவரான ஆண்டர்ஸ் டால் என்ற சுவீடன்காரர் பெயரால் அதற்குப் பெயர் வைத்தார்கள். வெப்ப நாட்டுச் செடியானதால் பனியைத் தாங்காது. கோடையின் பின்பகுதியில் பூக்கத் தொடங்கி, நாள் குறுகக் குறுக இன்னும் அதிகமாகப் பூக்கும். முதல் உறைபனி விழும் இரவோடு சரி. காலையில் பார்த்தால் செடி முழுக்கக் கறுத்துத் தொங்கும். கிழங்கைத் தோண்டி எடுத்து உள்ளே வைத்துக் காப்பாற்ற வேண்டும். அந்த நாட்டுக்காரர் எவருக்கும் டேலியாவைப் பார்த்தால் இது தெரியும். இவ்வளவு கொத்தாக, இவ்வளவு சிவப்பாக இருப்பதே இன்னும் எத்தனை நாளோ என்பதைத்தான் சொல்கிறது. மோனே ஒரு சருகைக்கூட வரையத் தேவைப்படவில்லை.

பொய்யா என்ற கேள்விக்கு வருகிறேன். மோனேயின் படத்தில் இருக்கும் எதுவும் அந்தத் தோட்டத்தில் இல்லாததல்ல. பூவும் வீடும் வானமும் இருந்தவைதான். அவர் நின்ற இடமும், திரும்பிய பக்கமும், விட்ட பொருள்களும் சேர்ந்து அந்த உணர்வை உண்டாக்குகின்றன. ரெனுவார் நாலடி தள்ளி நின்று, வேறு பக்கம் பார்த்து, எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டார். கைத்திறனில் இருவரும் அப்போது கிட்டத்தட்ட இரட்டையர். அதே தீற்று, அதே ஈரக் கலப்பு, அதே வெளிச்சம். ஆகவே முறை ஒன்றாக இருந்தும் மனநிலை இரண்டாகப் பிரிந்த அபூர்வமான சந்தர்ப்பம் இது. மோனேயின் படத்தில் நிற்கும்போது எனக்கு ஓய்வு கிடைக்கிறது. ரெனுவாரின் படம் என்னைத் தொந்தரவு செய்கிறது, ஆனால் கையில் ஒன்றை மட்டும் கொடு என்றால் ரெனுவாரைத்தான் கேட்பேன். சாம்பல் வானத்தின் கீழ், அண்டை வீட்டார் பார்க்க, கோட்டுப் போட்டுக்கொண்டு நின்று அங்கே இல்லாத ஒரு விசாலத்தை உண்டாக்கிக்கொண்டிருக்கும் நண்பனை அவர் கேலி செய்யவில்லை. பிரியத்தோடு வரைந்திருக்கிறார்.

பணம் புரண்ட காலம் நீடிக்கவில்லை. 1873 டிசம்பரில் இந்த நண்பர்கள் கூடிச் சொந்தமாகக் கண்காட்சி நடத்த ஒரு சங்கம் அமைத்தார்கள். 1874 ஏப்ரல் 15 அன்று பாரீசில் புகைப்படக்காரர் நாதார் காலி செய்திருந்த கூடத்தில் அது திறந்தது. மோனேயின் துறைமுகப் படம் ஒன்றின் தலைப்பைப் பிடித்துக்கொண்டு லூயி லெர்வா என்ற பத்திரிகையாளர் செய்த கிண்டலிலிருந்துதான் இம்ப்ரெஷனிஸ்ட் என்ற பெயரே வந்தது. வருஷ முடிவில் கணக்குப் பார்த்தால் ஒவ்வொரு உறுப்பினரும் 184 பிராங்க் 50 சாந்தீம் கடன்பட்டிருந்தார்கள். சங்கத்தைக் கலைத்துவிட்டார்கள். தூரான்-ருயேலுக்கும் கை வறண்டு, வாங்குவது நின்றது. மோனேயின் வரும்படி பாதிக்கும் கீழே போனது. 1874 இலையுதிர் காலத்தில் அவர் அந்த வீட்டை விட்டு அதே ஊரில் வேறொரு வாடகை வீட்டுக்கு மாறினார். டேலியாக்கள் அடுத்த குடித்தனக்காரருக்குப் போயிருக்கும். 1878-இல் ஊரையே விட்டார். மறு வருஷம் செப்டம்பரில், வெத்தேய் என்ற சிற்றூரில் கமீல் இறந்தார். அவருக்கு வயது 32.

மோனே 1883-இல் ஜிவெர்னிக்குக் குடிபோனார். அங்கேயும் முதலில் வாடகைதான், 1890-இல் கிரயம் வாங்கினார். டேலியாவும் நட்டார். 1893-இல் எதிர்ப்பக்கம் இன்னொரு நிலம் வாங்கி, ஓடையிலிருந்து தண்ணீர் திருப்பி அல்லிக்குளம் அமைத்தார். வெளிநாட்டுச் செடிகளால் தண்ணீர் கெட்டுவிடும் என்று கீழ்ப்பக்கத்து விவசாயிகள் ஆட்சேபித்ததைச் சமாளித்துத்தான் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. வீட்டுத் தோட்டத்துக்கும் குளத்துக்கும் நடுவே ஒரு சாலை, அதையொட்டி ஒரு கிளை ரயில் பாதை. தன் தோட்டத்தின் ஒரு பாதியிலிருந்து மறு பாதிக்குப் போக அவர் தினமும் தண்டவாளத்தைத் தாண்டித்தான் போனார். ரயில் மேல் அவருக்கு வெறுப்பெல்லாம் இல்லை. அர்ஜாந்தேய் ரயில் பாலத்தையும், 1877-இல் ஸேன்-லாசார் நிலையத்தின் புகையையும் ஆசை ஆசையாக வரைந்தவர். அல்லிக்குளத்தை மட்டும் சுமார் 250 படங்கள் வரைந்திருக்கிறார். அதில் ஒன்றில்கூட அந்தத் தண்டவாளம் கிடையாது.